பச்சைப் பெட்டியும் கார்பன் மாஸ்டரும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் பாறையேற்றப் பயிற்சிக் கூடத்து வாசலில் வரிசை வளைந்து சாலையைத் தொட்டுவிட்டது. சுவர் ஏற வந்த கூட்டம் அல்ல. தோளில் கயிறும் கையில் ஷூவுமாக, செய்த பாவத்தைக் கழுவ வந்த கூட்டம். கார்பன் மாஸ்டர் வந்திருந்தார்.

கையில் மைக்கை வைத்துக்கொண்டு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் விமோசனம் உண்டு" என்று கத்திக்கொண்டிருந்த அறிவாளி யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் படியேறாமல் இருக்க வாரத்தில் ஐந்து நாள் உழைப்பேன். சனிக்கிழமை பன்னிரண்டு மீட்டர் சுவரில் தொங்குவேன். பாதிக்கு மேல் போனதில்லை. ஆனால் ஷூ ஏழு ஜோடி, கயிறு மூன்று, இடுப்புப் பட்டை நான்கு வைத்திருந்தேன். இருப்பது ஒரே இடுப்பு.

ஒருநாள் பத்திரிகையில் படித்தேன்: நைலான் கயிறு, ரப்பர் ஷூ, அலுமினியக் கொக்கி எல்லாம் தயாராகும்போதே ஏகப்பட்ட புகை காற்றில் கலக்கிறது, அதற்குக் கார்பன் தடம் என்று பெயர். அலமாரியைத் திறக்கவே வெட்கமாகிவிட்டது. நல்ல வெட்கம்தான். வாங்குவதை நிறுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கோ நிறுத்தாமலே தீர வேண்டும். என்னைப் போன்றவனைத் தேடித்தான் மாஸ்டர்கள் வருகிறார்கள்.

மாஸ்டரிடம் நூலில் கட்டிய ஒரு செம்புக் குண்டு இருந்தது. பொருளின் மேல் பிடிப்பார். குறுக்கே ஆடினால் கார்பன், வட்டமாகச் சுற்றினால் சுத்தம். கார்பன் என்றால் பச்சை விளக்கு எரியும் பெட்டிக்குள் பதினொரு நிமிடம். உள்ளே 'காட்டின் மூச்சு' புகையைக் குடித்துவிடுமாம். பெட்டி விர்ரென்று இரையும். பழைய மின்விசிறிச் சத்தம் என்று என் மெக்கானிக் காது சொன்னது. காதை அடக்கிவிட்டேன். வெளியே வந்ததும் இலைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்.

"பழசைத் தைச்சுப் போடாதீங்க," என்பார். "தையல் ஓட்டைல புகை தங்கிரும். புதுசா வாங்கிச் சுத்தம் பண்ணிக்குங்க."

புதுசும் அவரிடமே கிடைக்கும். என்ன ஒரு வசதி!

அடி விழுந்தது என் அக்காவுக்கு. தேய்ந்த ஷூவின் அடியை உரித்துப் புது ரப்பர் ஒட்டித் தருவது அவள் தொழில். இரண்டு மாதமாகப் பட்டறைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கூட வேலை செய்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"ஏன்டா, நீயுமா அவனுக்கு மைக் பிடிக்கிறே?"

"அக்கா, உனக்கு விஞ்ஞானம் புரியாது."

"சரி, புரிய வேணாம். அந்தப் பெட்டிக்குள்ள போயிட்டு வந்த ஷூ ஒரு ஜோடி குடு."

வழிக்கு வந்துவிட்டாள் என்று பூரித்துப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் அவளும் நின்றாள். கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்றில் மட்டும் இலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மாஸ்டர், பையைப் பிரிக்காமப் பாக்க முடியுங்களா?"

"குண்டுக்குச் சுவரே மறைக்காது, பை எந்த மூலைக்கும்மா?"

ஸ்டிக்கர் இல்லாத பையின் மேல் குண்டு பேயாட்டம் ஆடியது. "அய்யய்யோ! ஒரு லாரிப் புகை இருக்கே!"

ஸ்டிக்கர் பையின் மேல் அழகாக வட்டமடித்தது. "இது ஏற்கெனவே என் கை பட்டது. பொட்டுக் கார்பன் கிடையாது."

அக்கா முதல் பையைப் பிரித்தாள். என் ஷூ.

"இது போன வாரம் நீங்க சுத்தம் பண்ணினது. ஸ்டிக்கரை மட்டும் நான் உரிச்சு இன்னொரு பைல ஒட்டினேன். தம்பி, உன்னுதுதானே?"

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. மாஸ்டரும் பார்த்தார், கெஞ்சலாக. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் தப்பிவிடும். "என்னுதுதான்" என்றேன். மைக் கையில் இருந்ததை மறந்துவிட்டேன்; கூடமே அதிர்ந்தது.

இரண்டாவது பையை மேசையில் கொட்டினாள். கறுகறுவென்று அடுப்புக்கரி.

"கரின்னாலே கார்பன்தானே மாஸ்டர்?"

"அது... இயற்கைக் கார்பன்," என்றார் மாஸ்டர்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நான் என் தோள்பையிலிருந்த திருப்புளியை எடுத்துப் பச்சைப் பெட்டியைக் கழற்றினேன். நாலே திருகு. லிஃப்ட் கதவைக் கழற்றுகிறவனுக்கு அரை நிமிட வேலை. அதைச் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. உள்ளே காடு இல்லை. ஒரு மின்விசிறி, ஒரு பச்சை பல்பு, மாஸ்டர் மறந்து வைத்த சீப்பு.

"அப்ப தடத்தை எப்படித்தான் குறைக்கறது?" என்று ஒருவர் பாவமாகக் கேட்டார்.

"செய்யறப்ப போன புகை போனதுதாங்க, எந்தப் பெட்டியும் திருப்பிக் குடிக்காது," என்றாள் அக்கா. "அடுத்ததை வாங்கறதைத் தள்ளிப் போடுங்க. ஓட்டை விழறதுக்கு முன்னாடி ஷூவைக் கொண்டாங்க, அடி மாத்தித் தரேன். கயிறு நைஞ்சு போனா மட்டும் தூக்கிப் போட்டுருங்க, அது உயிர் விஷயம். மலைக்குப் போறப்ப ஆளுக்கொரு கார் எதுக்கு? ஒரே வண்டில போங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, அந்த ஸ்டிக்கர் மட்டும் தனியாக் கிடைக்குமா?"

இந்தச் சந்தடியில் மாஸ்டர் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். இப்போது வேறோர் ஊரில் சைக்கிள்களுக்குப் புகை எடுக்கிறாராம். நல்ல கூட்டமாம்.

சுவர் ஏறும்போது நாங்கள் எல்லோரும் மறக்காமல் தலைக்கவசம் போடுகிறோம். இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றுகிற மண்டையை, ஐயா, அம்மா, எப்போதாவது உபயோகித்தும் பாருங்கள். எத்தனை உபயோகித்தாலும் தேயாத சாமான் அது ஒன்றுதான்.