உதாரணத்துக்கு, எங்கள் ஊர் நீதிபதி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். பஸ்ஸில் காண்பேன், சாப்பிடும்போது காண்பேன், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் கண்டேன். (காபித் தட்டோடு அப்படியே நின்றேனாம். வந்தவர்கள் பாவம், காபியை அவர்களாகவே எடுத்துக்கொண்டார்களாம்.) இப்படிப்பட்டவள் வக்கீலுக்குப் படித்திருக்கவே கூடாது. படித்துத் தொலைத்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. எங்களிடம் வந்தவர் பஷீர் பாய். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை முந்தானைக்குக் குச்சம் கட்டும் கடை வைத்திருந்தார். ஒரு மழைக்குக் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட, கோபத்தில் தெருவைப் படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்: “எங்க கவுன்சிலர் புண்ணியத்துல தாமல் ஏரி தெருவுக்கே வந்துட்டுது. எல்லாரும் வந்து குளிங்கபா. அவரு மட்டும் வரமாட்டாரு. அவருக்கு நீச்சல் தெரியாது.”

கவுன்சிலர் கிரிமினல் மானநஷ்ட வழக்குப் போட்டார். தெருவை ஏரி என்றதைக்கூட மன்னித்துவிட்டாராம். நீச்சல் தெரியாது என்றதுதான் தாங்கவில்லை. தான் சிறுவயது முதலே நன்றாக நீந்தக்கூடியவர் என்று மனுவில் ஒரு பத்தியே இருந்தது.

நமக்குச் சிரிப்பு. பாய்க்கு அது வாழ்நாள் ஆசை தொடர்பான விஷயம். மனைவியோடு உம்ரா யாத்திரைக்கு மக்கா போக இருந்தார். வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாமல் நின்றுபோனது.

“அவளுக்கு மூட்டு வலி ஜாஸ்தியாகிக்கினே போவுது வக்கீலம்மா. இந்த வருஷம் எப்படியோ நடக்கிறா. அடுத்த வருஷம் அல்லாதான் சொல்லணும்” என்றார்.

வழக்கு வந்த அன்று சீனியருக்கு வேறு கோர்ட்டில் வேலை. “எழுந்து நின்னு வாய்தா மட்டும் கேளு. வேற ஒரு வார்த்தை பேசாதம்மா” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான நேரம். தயிர் சாதம் உள்ளே போயிருந்தது. மின்விசிறி கொஞ்சம் சுற்றியது, கொஞ்சம் யோசித்தது. ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்து நிழல் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ எதையோ வாசித்தார்கள். அந்தக் குரல் மெல்ல மெல்லத் தூரமாகப் போயிற்று. நான் டெல்லிக்குப் போய்விட்டேன்.

அங்கே பெரிய கோர்ட்டு. வரிசையாக நரைத்த தலை நீதிபதிகள். கறுப்புக் கோட்டுக்குள் நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். (கனவில் போய்ப் பருத்தி கட்டுகிற காஞ்சிபுரத்துக்காரி உண்டா?) ஜன்னல் வழியாக வெண்மேகம் உள்ளே வந்து வக்கீல்களின் முழங்கால் வரை நின்றது. யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பேசினேன்.

“கனம் நீதிபதிகளே! ஒரு நாட்டில் ராஜாவைக் குறை சொன்னால் ஜெயில். இன்னொரு நாட்டில் பிரதமருக்குக் கழுதைக் காது வைத்துப் படம் போட்டாலும் அவரே வாங்கிப் பார்த்துச் சிரிக்கிறார். நாம் எங்கே கோடு போடப் போகிறோம்? உதாரணத்துக்கு, எங்கள் ஊர் நீதிபதி. மத்தியானம் ஆனால் ஐயாவுக்குக் கண் சொக்கிவிடும். இப்படிச் சொன்னால் அது விமர்சனம். தூங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், அது அவமதிப்பு!”

நரைத்த தலைகள் எல்லாம் ஆமோதித்து ஆடின. மேகம் மெதுவாகக் கலைந்தது.

டெல்லியைக் காணோம். நான் நின்றுகொண்டிருந்தேன். நீட்டிய விரல் எங்கள் ஊர் நீதிபதியைக் காட்டிக்கொண்டிருந்தது. பாய் வழக்கை எப்போதோ கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் எழுந்து, கணீரென்ற குரலில், கடைசி வார்த்தை வரை பேசி முடித்திருக்கிறேன்! அடிப்பாவி!

“ஏம்மா” என்றார் நீதிபதி. இப்போது கண் நன்றாகவே விழித்திருந்தது. “நீங்க என்னைச் சொன்னது முதல் வகையா, ரெண்டாவது வகையா?”

“ரெண்டும்... உதாரணம்தான் ஐயா.”

கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தார். பாயின் முகம் வெளுத்துப்போனது. மக்காவே கண்ணெதிரில் கரைந்துபோகிற மாதிரி நின்றார்.

“கோர்ட்டு கலையிற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. வேற யாரையாவது உதாரணம் சொல்லணும்னா இப்பவே சொல்லி முடிச்சிடுங்க” என்றார் நீதிபதி.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தலையைத் திருப்பினேன். சத்தியமாக வேறு எண்ணமே இல்லை. அங்கே கவுன்சிலர் இருந்தார். அவ்வளவுதான், மனுஷன் பதறி எழுந்துவிட்டார்.

“ஐயா, ஜட்ஜையே இந்தப் பாடு படுத்துது இந்தப் பொண்ணு! கேஸு நடந்தா என்னை வச்சி எத்தினி உதாரணம் சொல்லுமோ! ஒண்ணொண்ணையும் ஊரே ஸ்டேட்டஸ் போடும். நான் வாபஸ் வாங்கிக்கிறேன் ஐயா. எனக்கு நீச்சல் தெரியாதுன்னே இருந்துட்டுப் போவட்டும்!”

சாயங்காலம் வரை நின்றேன். வழக்கு முடிந்தும் பாய் போகவில்லை. “நீங்க நின்னுக்கினு இருக்கசொல்ல நான் எப்படிமா குந்துறது?” என்று கண்ணைத் துடைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

சீனியர் வந்து, “வாய்தா வாங்கினியா?” என்றார்.

“இல்ல சார். வழக்கே போயிட்டுது.”

அவர் தண்ணீர் கேட்டார்.

பாய் தம்பதி மக்கா போய்த் திரும்பியதும் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். “அங்க போய் மொதல்ல உங்களுக்குத்தான் துவா கேட்டேன் வக்கீலம்மா” என்றார் பாயின் மனைவி.

“என்னன்னு?”

“யா அல்லா, இந்தப் பொண்ணை எப்பவும் முழிப்பா வையின்னு.”

என் கணவரிடம் இதைச் சொன்னது என் தப்பு. அடுப்படியில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே பால் பொங்கி வழிந்தால் போதும், கூடத்திலிருந்து அவர் குரல் வரும்: “பாய் வீட்டம்மா இன்னொரு தபா மக்கா போவணும் போல இருக்குது!”