யாப்பரும் வெட்டிய வரியும்

பலெர்மோவில் இருந்த தமிழர்களில் சிசிலியின் அரசியல் யாப்பை முழுதாகப் படித்தவர் ஒருவர்தான். சிசிலிக்காரர்களிலும் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். அதனால் அவருக்கு யாப்பர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது என்பதே, கொழும்பில் ஒரு லொட்ஜில் பிள்ளையோடு தங்கியிருந்த அவர் மனைவி தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரேத்தோ தெருவில் நாங்கள் நான்கு பேர் இருந்த வீட்டில் ஐந்தாவது கட்டில் அவருடையது. பகலில் சீசா என்ற பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மீதி நேரமெல்லாம் யாப்பு.

"தம்பி, சிசிலிக்குத் தனிப் பாராளுமன்றம் இருக்கு. பிறகென்னத்துக்கு இஞ்சை இருக்கிற பெர்மெசோவுக்கு நான் ரோமிட்டைப் போகோணும்?"

"குடிவரவு மாநிலத்தின்ரை அதிகாரம் எண்டு அதிலை இருக்கோ அண்ணை?"

"இல்லை. ஆனால் மீன்பிடி இருக்கு. நான் கடலாலை வந்தனான்."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை மாநில மீன்பிடி அலுவலகத்தில், படகுக்காரர்களின் வரிசையில் போய் நின்றார். அங்கிருந்த அலுவலர் அவர் சொன்னது அத்தனையையும் கேட்டு, கோப்பியும் வாங்கிக் கொடுத்து, "நீங்கள் மீன் இல்லையே, சிஞ்ஞோர்" என்றாராம்.

யாப்பர் வெற்றியோடு வீட்டுக்கு வந்தார். "மாநிலம் தனக்கு அதிகாரம் இல்லையெண்டு சொல்லேல்லை. நான் மீன் இல்லையெண்டுதான் சொல்லுது. அது வேறை வாதம்."

தொண்ணூறுகளின் நடுவில் ரோமிலிருந்து அறிவிப்பு வந்தது. பத்திரமில்லாதவர்கள் முதலாளியின் கடிதத்தோடு குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், பதிந்தால் பெர்மெசோ, வதிவிட அனுமதி. பெர்மெசோ கிடைத்தால் பிறகு குடும்பத்தைக் கூப்பிடலாம். ஊர் முழுக்க எங்கள் ஆட்கள் படிவத்தோடு ஓடினார்கள். எல்லாரும் ஓடி வந்தது யாப்பரிடம். என்னுடையது உட்பட எத்தனையோ படிவங்களை அவர் நிரப்பிக் கொடுத்தார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தன்னுடையதை மட்டும் தொடவில்லை.

கடைசி நாள் காலை நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். விண்ணப்பம் யாருக்கு என்று அச்சிட்டிருந்த வரியை வெட்டிவிட்டு, 'சிசிலி மாநிலத் தலைவருக்கு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அவள் கோபிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றைத் தந்து, "ஒரு மணிக்குள் கொண்டு வாருங்கள்" என்றாள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் நிரப்பினார். அந்த வரியில் பேனை நின்றது.

"வெட்டாமல் கையெழுத்தை வையுங்கோ அண்ணை. அக்காவையும் பிள்ளையையும் நினையுங்கோ."

"நினைக்காமலோ இருக்கிறன்? எங்கடை காணியை, படிப்பை, பாஷையை எல்லாம் கொழும்பிலை இருந்துதான் தீர்மானிச்சவை. நாங்களும் வெட்டாமல் கையெழுத்து வைச்சுக்கொண்டே இருந்தனாங்கள். நானே எத்தினை கடிதத்துக்கு வைச்சன் தெரியுமே?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்தார். எழுந்து போனபோது ஒரு மணி தாண்டியிருந்தது; கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இல்லை.

அன்று வீடு வரை நடந்தே வந்தோம். மாலையில் அவர் மனைவி தொலைபேசி எடுத்தபோது, "அலுவல் நடக்குது" என்றார்.

சில மாதங்களின் பின் மக்வேதா தெருவில் பொலிஸ்காரர்கள் பத்திரம் கேட்டு அவரைப் பிடித்தார்கள். பதினைந்து நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் வாசித்தார்.

"வழக்குப் போடலாமே அண்ணை?"

"இல்லைத் தம்பி. சரியாத்தான் எழுதியிருக்கினம். மாநிலத்துக்கு இதிலை ஒரு உரிமையும் இல்லை." அவர் வாயால் அதைக் கேட்டபோது, பேசாமல் மீன்பிடி அலுவலகத்துக்கே இன்னொருமுறை கூட்டிப் போகலாமா என்றிருந்தது எனக்கு.

வடக்கே ரயிலேறினார். ஜெர்மனியில் ஒரு அகதி முகாமிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது: 'இஞ்சை பதினாறு மாநிலம் இருக்கு. எண்டாலும் என்னை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு மத்திய அரசாங்கம்தான் சொல்லுமாம். வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.' பிறகு ஒன்றும் வரவில்லை. லொட்ஜிலிருந்து வந்த அழைப்புகளும் ஒருநாள் நின்றுபோயின.

அடுத்த வருடம் என் மனைவி வந்திறங்கினாள். விமான நிலையத்தில் கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரையும் அவளுக்கு அறிமுகம் செய்துவைத்துக்கொண்டே, இன்னும் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.