வழுக்கும் மெழுகும் ஒரு கிண்ணம் ஆலத்தியும்

பயந்தவன் செய்யும் தப்புகளில் பாதி, தப்பு நடந்துவிடக் கூடாதே என்று செய்பவைதான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை (படிச்சதே ஆறாம் வகுப்பு வரைக்கும்தான், அதுலயும் கடைசி மூணு மாசம் காய்ச்சல்). சொந்த அனுபவம். கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். ஒருமுறை நாலாவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட என்னை நம்பி அருளம்பலம் ஐயா தம் காரைக் கொடுத்திருந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்கு டிரைவர். கார் இரண்டு நிறம். உடம்பு முழுக்கக் கறுப்பு, கூரை மட்டும் பால் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு தூசி விழுந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அந்த நாளில் சிங்கப்பூரில் கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையும் இருந்தால் அது டாக்சி. ஐயாவுக்கு டாக்சி என்றாலே ஆகாது. அவர் சொந்தத்தில் ஒரு பெண் கல்யாணத்தன்று டாக்சியில் போய் இறங்கியதை ஒரு வருஷம் முழுக்கப் பேசினார்கள். (அதிகம் பேசியது ஐயாதான்.) அதனால் தம் மகள் சாந்தியின் கல்யாணம் நிச்சயமானதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என்ர பிள்ளை எங்கட காரிலைதான் மண்டபத்திலை போய் இறங்குவாள். கார் கண்ணாடி மாதிரி இருக்கோணும். ஏதும் பிழை வந்தால் நீர் வேறை வேலை பார்க்க வேண்டியதுதான். விளங்குதே?"

"விளங்குதுங்க ஐயா."

எனக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். வேலையில்லாத மாப்பிள்ளை என்று மாமனார் ஊருக்குக் கடிதம் எழுதுவதுபோல் அன்றிரவே கனவு வந்தது. கடிதத்தில் முகவரிகூடச் சரியாக இருந்தது.

அதுவரை நான் டப்பா மெழுகுதான் போடுவேன். துணியில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒரு கதவு முடிக்க அரை நாள் ஆகும். அப்போதுதான் அமுக்கினால் புகைபோல் பீய்ச்சும் ஸ்பிரே மெழுகு கடைகளுக்கு வந்திருந்தது. ஜாலான் புசாரில் கார் சாமான் விற்கும் ஒரு சீனர் கடை உண்டு. அங்கே போனேன். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று டின்கள். பார்த்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பொறுமை இழந்தார்.

"அண்ணே, நீ மெழுகு பாக்குதா, பொண்ணு பாக்குதா? மூணு நாளா வருது லா."

"பெயிண்ட் உரிஞ்சிருமா தவுக்கே?"

"உரியாது."

"மங்கிடுமா?"

அவர் கடை வாசலில் சாய்த்திருந்த ஒரு பழைய கார்க் கதவைத் துடைத்து, மூன்று டின்னையும் டின்னுக்கொரு பக்கமாக அடித்துத் துடைத்துக் காட்டினார். சிவப்பு டின் வாழைப்பழ வாசனை அடித்தது. (கல்யாணத்துக்கு வர்றவங்க பசியில இருப்பாங்க, வேண்டாம்.) நீலத்தில் பளபளப்பு நன்றாக இருந்தது, விரல் வைத்தால் ரேகை அப்படியே நின்றது. என் விரல் எத்தனை இடத்தில் வைத்துச் சோதிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதுவும் வேண்டாம். பச்சை அடித்த இடத்தில் தவுக்கே தம் தேநீரைக் கொஞ்சம் ஊற்றினார். தேநீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. பிறகு ஒரு தீப்பெட்டியை வைத்தார். அதுவும் சறுக்கிக் கீழே விழுந்தது.

"இது பாகுஸ், ரொம்ப நல்லது. ஈ உக்காந்தாலும் விழும்."

"மழை?"

"மழையும் விழும்."

"வெயில்?"

"வெயில் எப்படி லா விழும்?"

டிசம்பர் கல்யாணம். மழைதான் என் பெரிய பயம். பச்சையை வாங்கிவிட்டேன். டின் முதுகில் பொடி எழுத்தில் ஆங்கிலம் நிறைய இருந்தது. சாந்தி பள்ளிக்கூட ஆசிரியை. அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"நிழலிலை வைச்சு அடிக்கோணுமாம், அண்ணை. மெல்லிசாத்தான் அடிக்கோணும். காய முன்னம் துடைச்சுப் போடோணும். அவ்வளவுதான்."

மூன்றே கட்டளை. மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் ராங்கூன் ரோட்டு வீட்டின் போர்ட்டிகோவில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். நிழல். மெல்லிசு. உடனே துடைப்பு. சொன்னபடியே செய்தேன். ஒரு மணி நேரத்தில் கார் மின்னியது. பானெட்டில் குனிந்தால் என் முகம் தெரிந்தது. பயந்த முகம்தான், ஆனால் தெளிவாக இருந்தது. அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம்.

வானத்தில் ஒரு கருமேகம் வந்தது. மழை முதலில் விழுவது கூரையில்தானே? மீதி டின்னைக் கூரையிலேயே அடித்துத் தீர்த்தேன். கனமாக இருக்கட்டும் என்று துடைக்கவும் இல்லை. மேகம் மழை பெய்யாமலே போய்விட்டது. மழைப் பயம் போன இடத்தில், பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தினார்.

"அடேயப்பா, புதுக் காரா? கண்ணு பட்டுடப் போகுதுப்பா."

அவர் போய்விட்டார். அந்தச் சொல் போகவில்லை. மண்டபத்து வாசலில் முந்நூறு பேர் நிற்பார்கள். அறுநூறு கண். மின்னவில்லையே என்று ஒரு மாதம் பயந்தவன், இப்போது மின்னுகிறதே என்று பயந்தேன்.

சமையலறைக்குள் போய் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கலந்தேன். ரத்தச் சிவப்பாக ஆலத்தி தயார். மனிதர்களுக்கு என்றால் நின்ற இடத்திலேயே சுற்றிவிடலாம். காருக்கு நான்தான் சுற்ற வேண்டும். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மூன்று முறை காரை வலம் வந்தேன். கடைசியில் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டுமே. காருக்கு நெற்றி முன்கண்ணாடிக்கு மேலே என்று முடிவு செய்தேன். பொட்டு ஓரமாகப் போகக் கூடாது என்று, ஒரு கையால் கண்ணாடியின் நடுவை அளந்து மறு கையால் வைக்க நினைத்தேன். இரண்டு கையும் வேண்டும். அதனால் கிண்ணத்தை ஒரே ஒரு நிமிஷம் கூரைமேல் வைத்தேன்.

தீப்பெட்டி சறுக்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிண்ணம் அவசரமே படவில்லை. கூரையின் வளைவில் மெதுவாகத் திரும்பி, சாய்ந்து, உள்ளிருந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் விழுந்தது. நான் மெழுகுத் துணியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. காய்ந்த மெழுகில் தேநீர் ஓடும். காயாத மெழுகில் மஞ்சள் ஊறும். இதைத் தவுக்கேயும் சொல்லவில்லை, டின்னும் சொல்லவில்லை. (இந்த மாதிரி ஆளு வருவான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.) அஞ்சாறு நிமிஷத்தில் கூரை முழுக்க ஒரே சீராகச் சிவந்துவிட்டது. வேலை சுத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சக்கரத்துக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தேன். எலுமிச்சை கறையை எடுக்கும் என்று நாலையும் அறுத்துத் தேய்த்தேன். சிவப்பு போயே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கு. சிவப்பு இருந்த இடமெல்லாம் பளிச்சென்று மஞ்சள் ஆகியிருந்தது.

பரவாயில்லை, மஞ்சள் மங்கலம்தானே என்று நினைத்தபடி நாலடி பின்னால் போய்ப் பார்த்தேன். கறுப்பு உடம்பு. மஞ்சள் கூரை.

அதே நேரத்தில் ஐயா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். பொத்தான் பாதியிலேயே நின்றது.

"இது என்ன காணும்?"

"மஞ்சள்ங்க ஐயா."

"நான் காரல்லோ கேட்டனான். டாக்சி கேக்கேல்லை."

வேறு கார் பிடிக்க நேரம் இல்லை. அப்போது சாந்தி பட்டுச் சேலையும் நகையுமாக வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த எலுமிச்சம் மூடியைப் பார்த்தார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாமே பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"ஏறுங்கோ அப்பா. மீட்டர் ஓடுது."

ஐயா முன் ஸீட்டில் ஏறினார். சிராங்கூன் ரோட்டில் மூன்று பேர் கைகாட்டினார்கள். சிவப்பு விளக்குக்கு நின்றபோது சந்தைக் கூடையுடன் ஒரு தமிழ் அம்மா பின்கதவைத் திறந்து, கூடையை உள்ளே வைத்துவிட்டார்.

"தஞ்சோங் பகார் போப்பா."

"இது டாக்சி இல்லை" என்றார் ஐயா, திரும்பாமலே.

"மேல மஞ்ச அடிச்சு வச்சிக்கிட்டு டாக்சி இல்லன்னா எப்படி லா?" என்றவர், அப்புறம்தான் மணப்பெண்ணைப் பார்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்று சாந்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் தகப்பனார் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் தலை குனிய ஐயாவால் முடியாது, அதற்காகத்தானே இவ்வளவும்.

"என்ன, டாக்சியிலோ வந்தனீங்கள்?"

ஐயா இறங்கி, நிதானமாகக் கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டார்.

"பொம்பிளைக்கு மஞ்சள் பூசிக் குளிக்க வாக்கிறேல்லையே? எங்கட வீட்டிலை காருக்கும் பூசுறனாங்கள். நாவூறு கண்ணூறு படக் கூடாது பாருங்கோ."

சம்பந்தி சற்று யோசித்துவிட்டு, தங்கள் காருக்கு யாரும் ஒன்றும் பூசவில்லையே என்று மனைவியிடம் கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஐயா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். காரை நிழலில் நிறுத்தாதே என்று மட்டும் சொன்னார். வெயிலில் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மூன்று வாரத்தில் கூரை பழையபடி வெள்ளையான அன்று கூப்பிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரிட்டை டாக்சி இருக்கு, ஓட ஆள் தேடுறார். உம்மைப் பற்றிச் சொல்லிப்போட்டன். நீர் பயந்து பயந்து ஓட்டுறது சனத்துக்கு நல்லது. என்ர நெஞ்சுக்குத்தான் ஒத்துவராது."

அப்படித்தான் நான் டாக்சிக்காரன் ஆனேன். முப்பது வருஷம் ஓட்டினேன். மெழுகே போடவில்லை. போன வருஷம் மகன் புதுக் கார் எடுத்து வந்தபோது, நான் சுற்றிப் பார்க்க எழுந்தேன். பாக்கியம் முதலில் சமையலறைக்குப் போய் மஞ்சள் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

சாந்தி தம் பிரசவங்களுக்கு ஆஸ்பத்திரி போனதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் என் டாக்சியில்தான். அவர் கணவரிடம் சொந்தக் கார் இருந்தது. இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் டிசம்பரில் கல்யாண நாளன்று போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார்.

"அண்ணை, மீட்டர் ஓடுதே?"

"ஓடுதும்மா" என்பேன். வைத்த பிறகு, போனைச் சரியாக வைத்தேனா என்று நாலு தடவை எடுத்துப் பார்ப்பேன்.