கரண்ட்டை 'அவரு' என்றவர்

போன வாரம் எங்கள் வீட்டு கிரைண்டர் பிளக் கருகியது. கொஞ்சம் புகை. மீன் தீய்ந்தது போல, ஈரத்துணி எரிந்தது போல ஒரு வாசம். மனைவி ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். நான் அசையவில்லை. அந்த வாசத்துக்குள் மொட்டைத் தலையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

மின்சாரத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் கோயமுத்தூரில்தான் பிறந்திருக்க முடியும். நாங்கள் நாய்க்கும் 'ங்க' போடுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். டெம்பரவரியார் கரண்ட்டுக்கே போட்டார்.

வீடு கட்டும் இடங்களுக்குத் தற்காலிக மின் இணைப்பு வாங்கித் தரும் வயர்மேன் அவர். டெம்பரவரி சர்வீஸ் தவிர வேறு வேலை தொடமாட்டார். அதனால் அந்தப் பெயர். அசல் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுவில் சரவணம்பட்டியில் வீடு கட்டத் தொடங்கினேன். அப்போது அங்கே சோளக்காடும் காற்றும்தான். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட மோட்டார் ஓட வேண்டும்.

"எப்பங்க கரண்ட் வரும்?" என்றேன்.

"அவரு வாரேன்னு சொல்லிட்டாருங்க. உக்கார எடம் போடோணுமல்லங்க?"

இரண்டு கம்பம் நட்டு, தகரப்பெட்டி மாட்டி, அதற்குள் மீட்டரையும் பியூஸையும் வைத்தார். பக்கத்தில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப்பை இறக்கினார். கரண்ட் 'அவரு' என்றால், அவரைத் திருப்பிக் கூட்டிப்போகும் நியூட்ரல் கம்பி 'அம்மணி'. "அம்மணி உட்டுட்டுப் போயிட்டாங்கன்னா அவரு ஊட்டையே எரிச்சுப்போடுவாருங்க" என்பார். தினமும் காலையில் வந்து எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்.

"ஏனுங்க, எங்களுக்கே குடிக்கத் தண்ணியில்ல" என்று கொத்தனார் முனகினார்.

"நீங்க தண்ணியில்லாட்டி வையத்தான் செய்வீங்க. அவரு தூக்கி வீசிப்போடுவாருங்க."

பெட்டியைத் தொட வந்த கொத்தனார் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார். டெம்பரவரியார் பதறிப்போனார். "கோயிலுக்குத்தானுங்க கழட்டோணும். இவருகிட்டப் போட்டுட்டு வாங்க."

வீடு முடிந்தது, கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, நிரந்தர இணைப்பு மட்டும் வரவில்லை. சீரியல் பல்பு வேண்டும், ரேடியோ செட் வேண்டும், சட்னி அரைக்க கிரைண்டர் ஓட வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தரச் சொன்னேன்.

"இவரு ஊடு கட்ட வந்தவருங்க. குடியிருக்க வாரவரு வேற. இவரைப் போயி மாவாட்டச் சொன்னா கோவிச்சுக்குவாருங்க" என்றார். சொல்லிவிட்டு, மொட்டை போடும் வேண்டுதலுக்காகக் கொடுமுடிக்கு பஸ் ஏறினார். முகூர்த்தத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் நானே வயரை இழுத்தேன். மாமனார் வீட்டார் முன்னால் என் வீடு மினுங்க வேண்டும். கவிதை எழுதுகிறவனுக்குக் கம்பி முறுக்குவதா பெரிசு என்ற திமிர் வேறு. இன்சுலேஷன் டேப் இல்லை. தோரணம் கட்டிய வாழைநாரையே ஜாயிண்ட்டில் சுற்றினேன். பியூஸ் இரண்டு முறை போனது. பியூஸ் கம்பிக்குப் பதிலாக, கான்கிரீட் கம்பி கட்டும் தடித்த கட்டுக்கம்பியை எடுத்துப் போட்டேன். அப்புறம் போகவில்லை.

மறுநாள் இரண்டாம் பந்தி. செட்டில் நாதஸ்வரம், பின்கட்டில் சட்னி. பெட்டிக்குள் 'டப்' என்றது. நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது. மீட்டர் கரிக்கட்டை. அந்த வாசம்.

இணைப்பு சீக்கிரம் கிடைக்கட்டுமே என்று கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரை நான்தான் விருந்துக்கு அழைத்திருந்தேன். பாயசத்தைப் பாதியில் விட்டு, கழுவாத கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"யாரு இதுல கை வெச்சது?"

மாமனார் பார்த்தார். பந்தியே பார்த்தது. அதே நேரம் வாசலில், மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் மஞ்சப்பையுமாக டெம்பரவரியார் வந்து நின்றார்.

"வயர்மேன்தானுங்க எல்லாம் பாத்துக்கறாரு" என்றேன்.

ஒரு எழுத்தும் பொய்யில்லை. நான் இதுவரை செய்த வாக்கியங்களிலேயே கச்சிதமானது அதுதான். கேவலமானதும்.

அவர் குனிந்து ஜாயிண்ட்டைப் பார்த்தார். வாழைநாரை விரலால் தொட்டார். தலையைத் தூக்கித் தோரணத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க. அவசரத்துல செஞ்சுபோட்டனுங்க."

"இத்தனை வருசமா இந்த வேலை பாக்கறீங்க. வாழநார்லயா கட்டுவீங்க?"

"முகூர்த்த நாளுங்களே."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய லைசென்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆறு மாதம் வயரைத் தொடக்கூடாது என்று சொல்லி இன்ஜினியர் அதை வாங்கிக்கொண்டு இலைக்குத் திரும்பினார். இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை.

ஒரு மாதத்தில் நிரந்தரம் வந்தது. தகரப்பெட்டியைக் கழற்றிப்போக அவர் வந்தார். கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறாராம்.

"உசுரில்லாத வயரத் தொட லைசென்ஸ் வேண்டாமுங்க" என்று சிரித்தார்.

மன்னிப்பை ஒரு மாதமாக வரிவரியாக எழுதி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அன்னைக்கு ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பந்தி நடந்துட்டிருந்துதுங்களே. நீங்க தலை குனிஞ்சா, சாப்பிடறவங்களுக்குச் சோறு எறங்குங்களா?"

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டு, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைப் பழைய எர்த் குழியில் ஊற்றினார். பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டினார். அன்றுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். ஏறும்முன், புது மீட்டருக்குக் கீழே நின்றிருந்த என் வெறுங்காலைப் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கறவரு கொஞ்சம் கோவக்காரருங்க. இனி கை வெக்கறதுன்னா செருப்புப் போட்டுட்டு வையுங்க கண்ணு. வாரனுங்க."