வியாழக்கிழமை டாக்டர்

படிவம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தபோது, டாக்டர் சபாபதி அதைப் படிக்காமலே கோபப்பட்டார். முப்பத்து நான்கு வருட மனநல மருத்துவர் அவர். கோபப்படுவதற்குப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான். ‘உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு என்ன வேண்டும்?’ நோயாளி தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் அதை அப்படியே எழுத வேண்டும். முதல் முறை, பதில் எழுத வேண்டிய கட்டத்தில் சபாபதி மருந்தின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், மனநல மருத்துவர்களுக்காக மாதம் இரண்டு நாள் நடந்த பயிற்சியின் கடைசிப் பாடம் இது. பயிற்சியின் பெயர் மூன்று வரி நீளம். பேனரில் அதை அச்சடித்த பிறகு தேதி போட இடமில்லை. சுருக்கம் இவ்வளவுதான்: நோயை மட்டும் பார்க்காதே, ஆளைப் பார், அவர் எப்படி வாழ விரும்புகிறாரோ அதற்கு உதவு. இதைச் சொல்ல எண்பத்தாறு ஸ்லைடுகள், இரண்டு வேளை தேநீரோடு கறிபாப்.

தேறாதவர்களுக்கு அடுத்த வருடம் கிளினிக் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. சபாபதி ஓய்வு பெற்றவர். ஒப்பந்தத்தின் பேரில் வாரத்தில் ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை, கிள்ளானில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். அதையும் எடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது வெள்ளி முதல் புதன் வரை.

பயிற்சி நடத்திய தாமரை டாக்டர் அல்ல. ஒரு காலத்தில் மனநல வார்டில் எட்டு மாதம் நோயாளியாக இருந்து எழுந்து வந்தவள். இப்போது டாக்டர்களுக்கு மார்க் போடுகிறாள். இதைச் செரிப்பதற்கே சபாபதிக்கு முதல் மாதம் முழுக்கப் பிடித்தது.

“டாக்டர், இந்தச் சின்னையா அங்கிள் என்ன வேலை செஞ்சாரு?”

“லோரி ஓட்டினாரு. போர்ட்லேருந்து அம்பாங் வரைக்கும்.”

“அவரு சொன்னதா எழுதியிருக்கீங்க.” தாமரை வாசித்தாள். “‘சமுதாயத்திற்கு ஆக்கபூர்வமான பங்களிப்பை நல்கும் தனிமனிதனாக மலர விரும்புகிறேன்.’ லோரிக்காரரு மலர்றேன்னு சொன்னாரா?”

“அர்த்தம் அதுதாம்மா.”

“வார்த்தை?”

சபாபதி மின்விசிறியைப் பார்த்தார். உண்மையில் அவர் சின்னையாவைக் கேட்கவே இல்லை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிற ஆளைப் புதிதாக என்ன கேட்பது?

அடுத்த வியாழக்கிழமை கேட்டார்.

ஒரு காலத்தில் அவருடைய கிளினிக் அறைக்கு வெளியே வரிசை மாடிப்படி வரை நிற்கும். கோப்புகள் நாடா கட்டி, வாழைத்தார் மாதிரி அடுக்கியிருக்கும். யாராவது ஒருவர் பாட்டுப் பாடுவார். இன்னொருவர் அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுவார். சண்டையை விலக்க வந்தவருக்கும் சேர்த்துச் சபாபதி வைத்தியம் பார்ப்பார். இப்போது கோப்புகள் கணினிக்குள் போய்விட்டன. பழைய நோயாளிகள் ஆறு பேர்தான் மிச்சம். ஆனால் அந்த ஆறு பேரும், மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லியும் வாராவாரம் வந்தார்கள். தன் வைத்தியத்தின் மகிமை இது என்று பயிற்சியில் எழுந்து நின்றே சொல்லியிருந்தார் சபாபதி.

“சின்னையா, வாழ்க்கையில உங்களுக்கு என்ன வேணும்?”

சின்னையாவின் முகம் வெளுத்தது. “ஏன் டாக்டர், பிளட் டெஸ்ட்ல ஏதாவது வந்திருச்சா?”

“இல்ல, சும்மாதான் கேக்குறேன்.”

“நல்லாத்தானே இருக்கேன். பேரன ஸ்கூல்ல விடுறேன், கோயில்ல அன்னதானத்துக்குச் சமைக்கிறேன். வியாழக்கிழமை வந்து உங்கள பார்க்கணும். அது போதும்லா.”

அடுத்து வந்த குமுதா தையல்கடை வைத்திருப்பவள். அவளும் அதையேதான் சொன்னாள். “வியாழக்கிழமை வந்து உங்கள பார்க்கணும் டாக்டர். வேற என்னா?”

ஆறு பேரும் அதையே சொன்னார்கள். நெஞ்சு நிறைந்துபோன சபாபதி ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி அனுப்பினார்.

மறுநாளே தாமரை போன் செய்தாள். “டாக்டர், மார்க் இன்னும் கொறைஞ்சிருச்சு.”

“அவங்க வார்த்தையைத்தானே கேட்டே? அவங்க வார்த்தைதாம்மா இது.”

“அதான் பிரச்சினை. ஆறு பேருக்கும் உங்கள விட்டா வேற ஒண்ணுமே வேணாம்னா, பதினெட்டு வருஷமா நீங்க யாரையும் அவங்க கால்ல நிக்க விடலன்னு அர்த்தம். அடுத்த வியாழன் நானே வர்றேன்.”

வந்தாள். வந்ததும் நாற்காலிகளை மாற்றினாள். சின்னையா டாக்டர் நாற்காலியில். சபாபதி நோயாளி நாற்காலியில். அதன் ஒரு கால் குட்டை என்பது சபாபதிக்கு அன்றுதான் தெரிந்தது.

“பத்து நிமிஷம் அங்கிள்தான் டாக்டர்,” என்றாள் தாமரை.

சின்னையா தயங்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கி, கணினியைப் பார்த்தபடி, “தூக்கம் எப்படி?” என்றார்.

“அது வந்து...”

“பசிக்குதா?”

“நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“சரி, அதே மருந்து.”

“நான் இப்படியா பேசுறேன்?” என்று சபாபதி தாமரையைக் கேட்டார்.

“டாக்டர் பேசும்போது குறுக்க பேசாதீங்கலா,” என்றார் சின்னையா. “வெளிய அஞ்சு பேரு காத்திருக்காங்க.”

தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னையா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “சரி, இப்ப நான் என் இஷ்டத்துக்கு ஒரு கேள்வி கேக்குறேன். முன்ன எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலமானா டைய சரிபண்ணிக்கிட்டு அவசரமா கெளம்புவீங்க. எங்க போவீங்க?”

சபாபதியின் கை தானாகக் கழுத்துப் பக்கம் போனது.

“பிரிக்பீல்ட்ஸுக்கு. என் சம்சாரம் சீதாலெட்சுமி பொறந்து வளந்தது அங்க, ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. குவார்ட்டர்ஸ் போயிருச்சு, இருந்தாலும் வாராவாரம் அந்தத் தெருவப் பார்க்கணும் அவளுக்கு. கார் வேணாம், ரயில்லதான் போகணும்பா. ரயில்வேக்காரர் மக. பூ வாங்குவா, அப்பம் சாப்பிடுவோம், திரும்பி வருவோம்.”

“அவ்வளவுதானா?”

“ஒரு தடவ திரும்பி வரும்போது ரெண்டு பேரும் தூங்கிட்டோம். முழிச்சா போர்ட் கிள்ளான், கடைசி ஸ்டேசன். சரின்னு எதிர் ரயில்ல ஏறினோம். நீ தூங்காதடீன்னு நான் சொன்னேன், நீங்க தூங்காதீங்கன்னு அவ சொன்னா.” சபாபதியின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. “முழிச்சுப் பார்த்தா மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ். பூக்காரி கேக்குறா, என்ன டாக்டர், இன்னொரு மொழம் வேணுமான்னு.”

“அப்ப தூக்கம் நல்லா இருந்திருக்கு,” என்று சின்னையா மேசைமேல் இருந்த தாளில் எழுதினார்.

சபாபதி சிரித்தார். மேசையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கவுண்டரில் இருந்த உஷாராணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அந்த அறையிலிருந்து அழுகை வரும், கத்தல் வரும். அதற்கெல்லாம் அவளுக்குப் பழக்கம் உண்டு. அவள் தோளுக்கு மேலாகக் குமுதாவும் மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்தன. “இப்பக் கேளுங்க டாக்டர்,” என்றாள் தாமரை. “கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது.”

“சின்னையா, உங்களுக்கு என்ன வேணும்?”

சின்னையா கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே குமுதா தலையை லேசாக அசைத்தாள். அவருக்கு எடுத்துக் கொடுக்கச் சபாபதியின் நாக்கு நுனியில் ஏழு பதில்கள் இருந்தன. அத்தனையையும் விழுங்கினார்.

“டாக்டர், இனிமே வாராவாரம் வர வேணாம்னு பார்க்குறேன்.”

சபாபதியின் வாய் திறந்தது. தாமரை இருமினாள். வாய் மூடிக்கொண்டது. பதினெட்டு வருடத்தை ஒரே வரியில் எழுதினார்.

குமுதா வந்தாள். “எனக்கும் அதான் டாக்டர். கடையில வேலை இருக்கு.”

ஆறாவது ஆள் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

தாமரை பூரித்துப்போனாள். “இதுதான் டாக்டர். ஆறு பேருக்கும் இப்பத்தான் சொந்தக் கால் வந்திருக்கு. இந்த பேட்ச்ல உங்களுக்குத்தான் முதல் மார்க்.”

கிளினிக் தப்பியது. நோயாளிகள்தான் போய்விட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை, சட்டம் போட்ட சான்றிதழுக்குக் கீழே சபாபதி தனியாக உட்கார்ந்திருந்தார். சான்றிதழிலும் பயிற்சியின் பெயர் மூன்று வரி. அவர் பெயர் அதற்குக் கீழே ஓரமாக, இடம் கிடைத்த மட்டில் இருந்தது. ஒன்பது மணி, பத்து மணி. வெளியே நாற்காலிகள் காலி. குட்டைக்கால் நாற்காலிக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார். அதற்கு ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அதுவும் முடிந்துவிட்டது.

உஷாராணி தே தாரே கொண்டுவந்து வைத்தாள்.

“கேட்டது தப்போ உஷா?” என்றார் சபாபதி. “முன்ன மாதிரி தூக்கம் எப்படின்னு மட்டும் கேட்டிருந்தா இன்னிக்கு வந்திருப்பாங்க. என் மேல என்ன கோவம் அவங்களுக்கு?”

“கோவமெல்லாம் இல்ல டாக்டர்,” என்றாள் உஷாராணி, மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்தபடி. “சீதாலெட்சுமி மேடம் தவறினதுலேருந்து வியாழக்கிழமையில உங்கள தனியா விடக் கூடாதுன்னு ஆறு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்துக்கிட்டிருந்தாங்க, போன வாரம் நீங்க சிரிச்சதப் பார்த்துட்டு, ‘டாக்டருக்கு நல்லாயிருச்சு, இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பார்த்தா போதும்’னு சொல்லிட்டுப் போனாங்க.”