டப்பா பொறுக்குவதில் ஓர் ஒழுங்கு

மனித குலம் கல்லைக் கடந்து, வெண்கலத்தைக் கடந்து, இரும்பையும் கடந்து வந்தது எதற்காக? காலி பியர் டப்பாவை அடைவதற்காகத்தான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் நகராட்சியின் புதிய 'சுழற்சித் துறை'த் தலைவர் ப்ரேபென் சொன்னார். அவருக்கு உரை எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம் என்பதால், ஒருவிதத்தில் நானும்தான் சொன்னேன்.

அலுமினிய டப்பா லேசுப்பட்ட பொருளல்ல. உருக்கினால் மறுபடி டப்பா. அதையும் உருக்கினால் மறுபடி டப்பா. அரசியல்வாதிகளுக்குக்கூட இத்தனை மறுபிறவி கிடையாது.

எங்களுடையது டென்மார்க்கின் சின்னத் துறைமுக ஊர். கோடை வந்தால் ஊரே பூங்காப் புல்லில் சாய்ந்து பியர் குடிக்கும். குடித்த டப்பாவைக் குப்பைத்தொட்டியின் பக்கவாட்டில் உள்ள தட்டில் வைத்துவிட்டுப் போகும். போடில் என்ற அம்மாள் வந்து எடுத்துக்கொள்வார். மீன் ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நீல மழைச்சட்டை, மிதிவண்டி, பின்னால் இரண்டு சாக்கு. கடையிலிருக்கும் இயந்திரத்தில் டப்பாக்களைப் போட்டால், வாங்கும்போது விலையோடு பிடித்த டெபாசிட் காசு திரும்ப வரும்; நசுங்கியதைக் கடைக்காரரே கையால் வாங்கிக்கொண்டு காசு தருவார். அந்தக் காசில் படகேறி, எதிர்த் தீவின் முதியோர் இல்லத்தில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். கையில் இலவங்கப்பட்டை ரொட்டி ஒன்று இருக்கும்.

இந்தச் சீர்கேடு எத்தனை காலமாக நடந்துவந்ததோ, யாரும் கவனிக்கவில்லை. ப்ரேபென்தான் கண்டுபிடித்தார்.

"பூங்காத் தொட்டியில ஒரு டப்பாகூட இல்லையா?" என்று கூட்டத்தில் கேட்டார்.

"இல்ல. போடில் எடுத்துட்டுப் போய்க் கடையில குடுத்துடறாங்க" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அப்படியே உருக்கறதுக்குப் போயிடுது."

ப்ரேபென் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நம்ம துறை எதைச் சேகரிக்கிறது?"

ஆழமான கேள்வி. அறையே பாதாம் கேக்கை மென்றபடி சிந்தித்தது.

"அந்தம்மாவுக்கு இதுல ஏதாவது பயிற்சி உண்டா?"

"மீன் வெட்டுவாங்க."

"பாத்தீங்களா!" என்றார் ப்ரேபென், பேரழிவு ஒன்றைத் தடுத்துவிட்டவரைப் போல.

ஆகவே 'அறிவுத் தொட்டி' வந்தது. எஃகு உடம்பு, தலையில் சூரியத் தகடு, இடுப்பில் பூட்டு. பக்கத்துத் தட்டு கிடையாது. வாயில் டப்பாவை வைத்தால் அதன் மேலுள்ள கோடுகளைப் படித்துவிட்டு, "பூமி உங்களுக்கு நன்றி கூறுகிறது" என்று பெண் குரலில் சொல்லும். நசுங்கிய டப்பா என்றால் படிக்கத் தெரியாது, துப்பிவிடும். பியர் குடித்தவன் டப்பாவை நசுக்காமல் விடமாட்டான் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் கேரட் சாறு குடிப்பவர்கள்.

திறப்பு விழாவுக்குப் போடிலும் வந்தார்.

"ஏம்ப்பா ப்ரேபென், தட்டு எங்க?"

"இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம் போடில். தொட்டியே பாத்துக்கும்."

"கஷ்டம்னு நான் எப்பய்யா சொன்னேன்? அக்காவப் பாக்கப் போற படகுச் செலவுக்கு ஆகுது."

"அது தனிப்பட்ட உபயோகம். இது பூமிக்கு."

"எங்கக்கா என்ன, செவ்வாயிலயா இருக்கா?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் பதில் தரப்படவில்லை.

தொட்டி துப்பிய டப்பாக்கள் புல்லில் கிடந்தன. போடில் அவற்றையும் பொறுக்கலானார். துறை விழித்துக்கொண்டு ஒரு காவலாளியை நியமித்தது. முதல் நாளே அவன் போடிலின் சாக்கைப் பிடித்துக்கொண்டான். நான் அருகில்தான் இருந்தேன்.

"முறையில்லாமச் சேகரிக்கிறீங்கம்மா."

"குனிஞ்சு எடுக்கறேன். வேற எப்படிடா எடுக்கிறது முறையா?"

அவன் கடமை தவறாதவன். சாக்கிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டியின் வாயில் வைத்தான். தொட்டியும் கடமை தவறாதது. ஒவ்வொன்றாகத் துப்பியது. போடில் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காவலாளிக்குக் கை வலித்தது. குவியலை அப்படியே போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனான்.

அப்போது காற்றடித்தது. குவியல் கலைந்து, டப்பாக்கள் கடகடவென்று உருண்டு துறைமுகத் தண்ணீரில் விழுந்தன. போடில் படிக்கட்டில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று, கைக்கு எட்டியதைப் பிடித்தார்.

"அம்மா! தண்ணியும் நகராட்சி எல்லைதான்!" காப்பிக் கோப்பையோடு காவலாளி ஓடிவந்தான்.

பிடித்திருந்த டப்பாக்களைப் போடில் மறுபடி தண்ணீரிலேயே விட்டார். மேலே ஏறி, பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினார். தீவுப் படகு சங்கு ஊதிப் புறப்பட்டது. அது முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலிச் சாக்குகளை மடித்து மிதிவண்டியில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் பூங்காப் பக்கம் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் எங்களுக்குத் தலைநகரின் அறக்கட்டளை ஒன்று விருது அறிவித்தது: 'பொது இடங்களில் முறையற்ற டப்பா சேகரிப்பை அறவே ஒழித்த நகரம்'. விழா துறைமுக மேடையில். என் எழுத்தில், ப்ரேபெனின் குரலில், பூமியே கண்கலங்கியது.

நடுவர் அம்மையார் கைதட்டிவிட்டு என் பக்கம் குனிந்தார். "இந்தத் தொட்டியெல்லாம் வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு டப்பா வீணாப் போயிட்டிருந்தது?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

அவர் அதை அடக்கமான நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேடை ஓரமாகச் சென்று தண்ணீரைப் பார்த்தார். காற்றில்லாத நாள். அடியில் வெள்ளி வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது.

"அடடா, எவ்வளவு மீன்!"

"ஹெர்ரிங்" என்றார் ப்ரேபென், கொஞ்சமும் தயங்காமல். "தண்ணி சுத்தமானதும் திரும்பி வந்துடுச்சு."

மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன்.

போடில் எடுத்துப்போனபோது அதற்கு 'முறையற்ற சேகரிப்பு' என்று பெயர். நாங்கள் கடலில் கொட்டினோம், விருது கொடுத்தார்கள்.