மாமா குடித்த பினோட்டாஜ்

தெரியாத விஷயத்தைப் பற்றி நீளமாகப் பேசுவதில் எனக்கு இயல்பாகவே ஒரு திறமை உண்டு. அது என்னை முழுசாகக் கவிழ்த்தது ஒரு போத்தல் தென்னாபிரிக்க வைன் விஷயத்தில்தான்.

என்னோடு வேலை செய்கிற தியோ கேப் டவுன் பக்கத்துக்காரன். ஊருக்குப் போனவன், தன் சித்தப்பாவின் தோட்டத்தில் செய்த சிவப்பு வைன் ஒன்று கொண்டுவந்து தந்தான். பினோட்டாஜ் என்று பெயர். உடனே அவனையும் இன்னும் இரண்டு நண்பர்களையும் டார்னெய்ட்டில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அதுவரை நான் வைன் குடித்தது ஒரேயொரு கலியாண வீட்டில். (அதுவும் சோடா கலந்து.) ஆகவே வாரம் முழுக்க வீடியோ பார்த்துப் படித்தேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த மாதம் மாமாவும் மாமியும் எங்களோடு இருந்தார்கள். மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மது தொடுகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி, விசாரித்து, எனக்குப் பெண் கொடுத்தவர். போத்தல் அவர் கண்ணில் படக்கூடாது. வைனைக் கொஞ்ச நேரம் காற்றாட விடவேண்டும் என்று வீடியோவில் சொன்னது வசதியாகப் போயிற்று. குசினியில் ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றிவைத்துவிட்டு, போத்தலை ஒளித்தேன். பக்கத்தில் அதே மாதிரி ஜக்கில், மாமாவின் பிரஷருக்கென்று மாமி பீற்றூட் சாறு அடித்து வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

நண்பர்களைப் பின்பக்கம் இருத்தி, நானே ஊற்றிக் கொடுத்தேன். கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "மழை பெய்த மண் மணக்கிறது, கவனித்தீர்களா?" என்றேன். குடித்தபோது தொண்டையில் ஒரு மாதிரி இருந்தது. நல்ல வைன் இப்படித்தான் போல.

தியோ ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "இதில் இஞ்சி இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அது உங்கள் மண்ணின் குணம்" என்று அந்த மண்ணில் பிறந்தவனுக்கே விளக்கினேன்.

அப்போது உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மாமா பாடி நான் கேட்டதேயில்லை. மனைவி சுகந்தி வாசலில் வந்து, "இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்றாள்.

மாமா சோபாவில் மலர்ந்துபோய் இருந்தார். முன்னால் பாதி ஜக். "தம்பி, இண்டைக்குப் பீற்றூட் நல்ல பதம். மாமிட்டச் சொல்லுங்கோ, நாளைக்கும் இதே மாதிரி அடிக்கச் சொல்லி."

சுகந்தி அவருடைய கிளாசை முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன். வேறு வழி இருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

மாமா பாட்டை நிறுத்தினார். கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பிள்ளையள் என்ன குடிக்கினம்?"

"உங்கட பீற்றூட், மாமா."

"ஐயோ பாவம்" என்று எழும்பியவர், ஜக்கைத் தானே தூக்கிக்கொண்டு, சற்று ஆடியபடி பின்பக்கம் போனார். தியோவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மிச்சத்தை நாலு கிளாசிலும் ஒரு துளி கூடக் குறையாமல் சரிசமமாக ஊற்றினார். தியோ குடித்துவிட்டுக் கண்ணை மூடி, "இது என் சித்தப்பா" என்றான். மாமா பின்னேரம் வரை அவர்களோடு கதிரை போட்டு இருந்து கதைத்தார்.

அதற்குப் பிறகு மாமா மது தொடவில்லை. எனக்குத்தான் விமோசனம் இல்லை. எங்கள் வீட்டில் யார் எதை ஊற்றினாலும் முதலில் என் மூக்குக்கு நேரே வரும். போன கிழமை காய்ச்சலில் படுத்திருந்தேன். சுகந்தி இருமல் மருந்தைக் கரண்டியில் ஊற்றி நீட்டினாள்.

"மணந்து பாத்துச் சொல்லுங்கோ, எந்த ஊர் மண் எண்டு."